விசேஷத்துக்கு முந்திய ஆகாரம்



கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழிந்த ஒரு பெண், கோயிலுக்குப் போனாலும், பிறந்த வீட்டுக்கு வந்தாலும், தெருமுனையில் பூ வாங்க நின்றாலும், அவளை எதிர்ப்படுகிற எவரும் கூசாமல் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று நம் நாட்டில் உண்டு. ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்பதே அது. கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒவ்வொரு மாதமும் அவள் நெஞ்சில் எப்படித் தைக்கிறது என்பதை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியம் பார்த்த நான் அறிவேன். அப்பெண்ணிடம் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. நானும் வெகுகாலம் கேட்கவில்லை. ‘நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?’ என்பதே அந்தக் கேள்வி.

நம்முடைய சம்பிரதாயங்களில் ஸ்திரீகளின் போஷணைக்கு இடமே இல்லை என்று சொன்னால் அது பெரும் பிழையாகும். பெண் பருவமடைந்தால் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் வார்த்து, கருப்பட்டி சேர்த்து, அவள் போதும் போதும் என்று கையை மறைத்தாலும் விடாமல் உருட்டிக் கொடுக்கிற பாட்டிமார் தென் ஜில்லாக்களில் இன்றும் இருக்கிறார்கள். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு என்றால் புளியோதரை, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று பாத்திரங்கள் வரிசையாய் வந்து நிற்கும். பிள்ளை பெற்றபின் பூண்டும் பிரசவ லேகியமும் தனி. இவ்வளவும் செய்த முன்னோர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அந்த உளுந்தங்களிக்கும் இந்த வளைகாப்புச் சோற்றுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கிடக்கின்றனவே, அந்த ஆண்டுகளில் அவள் தட்டில் என்ன விழுகிறது என்று எட்டிப் பார்ப்பதற்கு எந்தச் சடங்கும் ஏற்படவில்லை. கரு உண்டாவதோ அந்த நடுவிலேதான்.

இது ஏன் இத்தனை முக்கியமென்று சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறேன். கருவுற்ற பெண்ணை நம் ஊர்ப் பெரியவர்கள் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்லுவார்கள். குளி தவறி, பதினைந்து இருபது நாள் பொறுத்துப் பார்த்து, அதன்பின் காதோடு காதாய்ச் சொல்லப்படுகிற செய்தி அது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிற பெண்ணுக்குக் குளி தவறும் நாளிலேயே கருவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வயதாகிவிடுகிறது. மேலும் இரண்டு வாரம் சென்று, கருவின் வயது 28 நாள் ஆகும்போது, எள்ளைவிடச் சற்றே பெரிதான அந்தச் சின்னஞ்சிறு ஜீவனின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அஸ்திவாரம் போட்டு முடிந்துவிடுகிறது. தட்டையான ஓர் ஏடு போல முதலில் இருக்கும் பாகம், இரு ஓரங்களும் எழும்பி, பிள்ளைகள் பூவரசிலையைச் சுருட்டி ஊதல் செய்வதுபோலச் சுருண்டு, ஓரத்தோடு ஓரம் ஒட்டிக் குழலாகிறது. நரம்புக் குழல் என்று அதற்குப் பெயர். மேல்முனை மூடாமற்போனால் மண்டையோடும் மூளையும் வளராத சிசு; கீழ்ப்புறம் மூடாமற்போனால் முதுகெலும்பு பிளந்த சிசு. ஆகவே, மாமியார் பக்கத்து வீட்டம்மாளிடம் ‘எங்க வீட்டுப் பொண்ணு முழுகாம இருக்கா’ என்று பூரிப்போடு சொல்லுகிற வேளையில், அந்தக் குழல் மூடியிருக்கும், அல்லது மூடாமலே போயிருக்கும். அதற்கப்புறம் நாம் அவளுக்கு மாத்திரை கொடுப்பதும் குங்குமப்பூ கொடுப்பதும் வேறு நன்மைகளைச் செய்யலாம். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவு இரண்டு மணிக்கு, மண்டையோடு இல்லாத ஒரு சிசுவைக் கையில் வாங்கினேன். தாய்க்கு வயது இருபத்திரண்டு இருக்கும். விடிந்ததும் அவள் என்னிடம் கேட்டது இதுதான்: ‘நான் என்ன தின்னேன் டாக்டரம்மா, இப்படி ஆயிருச்சு?’ பப்பாளி தின்றாயோ என்று ஒரு கிழவி கேட்டிருக்கிறாள். கிரகணத்தன்று வெளியே போனாயோ என்று மற்றொருத்தி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீ தின்றது ஒன்றாலும் இது வரவில்லையம்மா’ என்று சொன்னேன். அது முழு உண்மை. அவள் தின்றதால் வரவில்லை. அவளுக்குக் கிடைக்காதது ஒன்று இதற்கு ஒரு காரணமாய் இருந்திருக்கக் கூடும் என்பதையும், அதைக் கருவுறுவதற்கு முன்பே அவள் கையில் கொடுத்திருக்க வேண்டியது என் போன்றவர்களின் கடமை என்பதையும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது, அந்த விடியற்காலை எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது, இன்றும் வருகிறது.

கிடைக்காத அந்தப் பொருளின் சரித்திரம் நம் நாட்டோடு நெருங்கிப் பிணைந்தது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் படித்து, பிறகு லண்டனில் வைத்தியம் பயின்றவர். பிரசவத்தில் தாய்மார் மாண்டுபோவது ஏன் என்று ஆராய்வதற்காக மார்கரெட் பால்ஃபர் என்ற மற்றொரு வைத்தியப் பெண்மணி ஏற்படுத்திய விசாரணையில் பங்குகொள்ள அவர் அழைக்கப்பட்டார். பம்பாய் நெசவாலைகளில் பாடுபட்ட ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கொடிய சோகை ஒன்று வந்து, தேகம் வெளுத்து, மூச்சிரைத்து, பலர் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் உயிர்விட்டனர். அவர்கள் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் அளவில் ஊதிப் பெருத்துக் காணப்பட்டன. அக்காலத்து வைத்தியர்கள் ஏதேனும் தொற்றுநோயாக இருக்கும் என்று தேடினார்கள். வில்ஸ் அம்மையாரோ அந்தப் பெண்களின் அடுப்பங்கரைக்குள் பார்வையைச் செலுத்தினார். அவர்கள் என்ன உண்கிறார்கள், காய்கறியும் பழமும் பாலும் இறைச்சியும் எவ்வளவு என்று கணக்கெடுத்தார். ஆகாரம் எவ்வளவுக்கெவ்வளவு வறியதோ அவ்வளவுக்கவ்வளவு சோகை மிகுந்திருந்ததைக் கண்டார். அதே ஆகாரத்தை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துச் சோதித்து, கடைசியில், மதுவடிக்கும் ஆலைகளில் மிஞ்சுகிற ஈஸ்டிலிருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான கறுப்புக் குழம்பு இந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று கண்டு 1931இல் வெளியிட்டார். ஈஸ்டுக்குள் இருந்த பொருள் இன்னதென்று அவருக்கே தெரியாது. ஆகவே உலகம் அதை ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தது.

தமிழர்களாகிய நாம் இந்தக் கதையில் சற்று நின்று பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. 1929இல் வில்ஸ் அம்மையார் சில மாதங்கள் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில், உணவாராய்ச்சிக்குத் தலைவராயிருந்த ராபர்ட் மக்காரிசனிடம் வேலை செய்தார். ஹைதராபாத்தில் இன்று நடக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்தக் குன்னூர் ஆராய்ச்சியின் வாரிசுதான்; 1958இல் அங்கே மாறிப்போயிற்று. 1931இன் ஆரம்பத்தில் அவர் சென்னையில், திருவல்லிக்கேணியில், கோஷா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்தார். அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிய பின்பும் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் சட்டென்று வண்டி திரும்புகிறது, அதே ஆஸ்பத்திரிதான். அதே திருவல்லிக்கேணியில், ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு முன்னே படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பராவ். உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுத்து, தாமும் அதனால் வாடியவர். 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையை வடித்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டியது சுப்பராவ் தலைமை தாங்கிய லெடர்லி ஆராய்ச்சிக்கூடம். பம்பாய் ஆலைப் பெண்களைக் காத்த வில்ஸ் காரணியின் உண்மை ஸ்வரூபம் அதுவே. சுப்பராவின் உடன்பிறந்தாரை வாட்டிய ஸ்ப்ரூவின் சோகைக்கும் அதுவே மருந்தாயிற்று. கீரையில் இருந்தது, நம் ஏழைப் பெண்களின் தட்டில் இல்லாமற்போனது, கடல் கடந்து போன நம் பக்கத்துப் பிள்ளை ஒருவரின் முயற்சியால் மாத்திரையாகித் திரும்பி வந்தது.

இவ்வளவும் கர்ப்பவதியின் சோகையைப் பற்றியது. அந்த இலைச்சத்துக்கும் நரம்புக் குழலுக்கும் சம்பந்தமுண்டு என்ற சந்தேகம் இங்கிலாந்தில் ஸ்மிதெல்ஸ் என்ற குழந்தை வைத்தியருக்கும் அவரோடு உழைத்த ஹிப்பர்டு என்ற பெண்மணிக்கும் 1960களில் எழுந்தது. ஐயத்துக்கு இடமின்றி அதை நிரூபித்தது 1991இல் வெளியான ஒரு பரிசோதனை. ஏற்கெனவே இத்தகைய குறையுள்ள கருவைச் சுமந்த 1,817 பெண்களை ஏழு நாடுகளில் சேர்த்து, கருவுறுவதற்கு முன்பிருந்தே சிலருக்கு ஃபோலிக் அமிலமும் மற்றவர்களுக்கு அது இல்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபோலிக் அமிலம் பெற்றவர்களில் ஆறு கருக்களில் குறை கண்டது, பெறாதவர்களில் இருபத்தொன்று. பரிசோதனையை மேலும் நடத்துவது தர்மமன்று என்று அத்தோடு நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு ஆபத்து குறைந்தது என்று கணக்கிடப்பட்டது. ‘முன்பிருந்தே’ என்ற ஒரு சொல்லில்தான் அந்தப் பரிசோதனையின் உயிர் இருக்கிறது.

அன்று முதல் உலகெங்கும் வைத்தியர்கள் சொல்லுவது இதுதான்: பிள்ளை வேண்டும் என்று எண்ணுகிற பெண், கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதமும் அதைத் தொடர வேண்டும். முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்றவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், நீரிழிவுள்ளவர்களுக்கும் அளவு வேறு. அதை வைத்தியரிடம் கேட்டே சாப்பிட வேண்டும். நீரிழிவுள்ள பெண்கள் கருவுறுமுன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது மாத்திரையைவிடவும் அவசரமான காரியம். நம் சர்க்கார் 2018இல் வகுத்த சோகை ஒழிப்புத் திட்டத்திலும் கருவுறுமுன் இந்த மாத்திரை என்பது எழுதியே இருக்கிறது. ஆயினும் நடைமுறையில் நம் உபசாரமெல்லாம் பெயர் பதிவானபின்தான் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாட்டில் நடக்கிற மகப்பேறு உதவித் திட்டம் மகத்தானது. 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடக்கம். அந்தப் பெட்டகத்தைத் திறந்து பேரீச்சம்பழத்தை எடுத்து மூத்த குழந்தையின் வாயில் வைத்த தாய்மாரைக் கண்ணால் கண்டவள் நான். ஆனால் அதுவும் கர்ப்பம் பதிவான பிறகு வருவதே. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 53 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் கர்ப்பத்துக்குள் நுழையும்போதே வெறும் பானையோடு நுழைகிறார்கள் என்பது இதன் பொருள். நுழைந்தவுடன் மசக்கை வருகிறது. சோற்று வாசனையே ஆகாது. மசக்கையில் வாந்தியெடுக்கிறவளிடம் ‘நன்றாய்ச் சாப்பிடு, இரண்டு உயிர்’ என்று உபதேசிப்பதைவிட, அவள் நன்றாய்ச் சாப்பிடக்கூடிய நாளிலே சாப்பிட விட்டிருக்கலாமே!

மாத்திரை ஒன்றிலேயே எல்லாம் அடங்கிவிடாது என்பதற்கும் பம்பாயே சாட்சி. வில்ஸ் அம்மையார் வந்துபோய் முக்கால் நூற்றாண்டுக்கப்புறம், 2006இல், அதே நகரத்தின் குடிசைப் பகுதிகளில் ‘சரஸ்’ என்ற பெயரால் ஒரு பரிசோதனை தொடங்கியது. இன்னும் கருவுறாத, ஆனால் கருவுறக்கூடிய 6,513 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்குக் கீரையும் உலர்பழமும் பாலும் சேர்த்துச் செய்த பலகாரம் தினமும். மறுபாதியினருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் செய்த, பார்வைக்கு அதேபோன்ற பலகாரம். மருந்தில்லை, மாயமில்லை, நம் வீட்டில் சாயந்திரம் வடை போடுவது போன்ற காரியம். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் முன்பிருந்தே அந்தக் கீரைப் பலகாரத்தைச் சாப்பிட்டுவந்த தாய்மார்களின் குழந்தைகள் சராசரி 48 கிராம் கூடுதலாக எடையிருந்தார்கள். கர்ப்ப காலத்து நீரிழிவோ நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேலிருந்தது ஏழாகக் குறைந்தது. 48 கிராம் அற்பமென்று தோன்றலாம். தினம் ஒரு பலகாரம், அதுவும் சாதாரணக் கீரை, செய்த வேலை இது என்பதை நினைத்தால் எனக்கு அது அற்பமாகத் தோன்றவில்லை.

கீரை என்றேன். நம் வீட்டில் கீரை படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பறித்த முளைக்கீரைக் கட்டு வெயிலில் கிடந்து துவண்டு, சாயந்திரம் வீடு வந்து, மறுநாள் வரை ஒரு மூலையில் சாய்ந்திருக்கிறது. அப்புறம் அதைப் பொடிப்பொடியாய் நறுக்கியபின், மண் போக வேண்டுமென்று மூன்று தண்ணீரில் அலசுகிறோம். முதல் தண்ணீரே பச்சையாய் ஓடுகிறது. பிறகு கீரை முங்கும்படி தண்ணீர் வைத்து, கரையக் கரைய வேகவிட்டு, அந்தத் தண்ணீரையும் வடித்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, சட்டியில் போட்டு மத்தால் மசிக்கிறோம். ஃபோலிக் சத்து தண்ணீரில் கரைவது. சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அஞ்சுவது. நாம் சாக்கடைக்குக் கொடுத்தது போக எஞ்சியதே தட்டுக்கு வருகிறது. கட்டைப் பிரித்து முழுசாய் அலசி, பிறகு நறுக்கி, கை தெளித்த நீரில் மூடிவைத்துச் சில நிமிஷங்களில் இறக்கி, ஊறிய நீரோடே மசித்தால் அதே பத்து ரூபாய்க் கீரை வேறு கீரையாகிவிடுகிறது. பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் இந்தச் சத்து நிறைந்தவை. முளைகட்டினால் இன்னும் விசேஷம். வேர்க்கடலை, முட்டை, ஆரஞ்சு எல்லாம் இதே இனம். பப்பாளிக்குப் பயந்து பழத்தையே வெறுக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: பால் வடிகிற காயைத் தவிர்ப்பதில் நியாயமுண்டு, நன்றாய்ப் பழுத்த பழத்தில் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை என்று சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. சோற்றோடு ஒரு டம்ளர் டீயும் குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமலே போய்விடும் என்பதும், அரை எலுமிச்சம்பழமோ ஒரு நெல்லிக்காயோ பக்கத்திலிருந்தால் நன்றாய் ஒட்டும் என்பதும் அவ்வளவு பேருக்குத் தெரிவதில்லை. கறி, மீன் உண்கிறவர்கள் வாரம் இரண்டு மூன்று நாளாவது அதைப் பெண்ணின் தட்டுக்கும் எட்டச் செய்ய வேண்டும். மரக்கறி மட்டும் உண்கிறவர்களுக்கு பி12 என்ற ஜீவசத்து குறையும். பாலும் தயிரும் ஓரளவு ஈடுசெய்யும். குறை மிகுந்தால் மாத்திரை வேண்டும். உப்பு அயோடின் சேர்ந்ததாக இருக்கட்டும். சிசுவின் மூளைக்கு அது இன்றியமையாதது. கல்லுப்பு வாங்குகிறவர்கள் பையில் அயோடின் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

உடல் எடையைப் பற்றி அதிகம் பேச நான் விரும்பவில்லை. ஏற்கெனவே அதைப் பற்றிப் பெண்களிடம் பேசுகிறவர்கள் மிகுதி. மிக மெலிந்த தேகத்தில் சினைமுட்டை வெளிப்படுவதே நின்றுபோகிறது. பஞ்சகாலங்களில் பிறப்பு குறைவது இதனால்தான். 1944–45 குளிர்காலத்தில் ஹாலந்து பட்டினி கிடந்தபோது ஒன்பது மாதம் கழித்துப் பிறந்த குழந்தைகளின் தொகை பாதியளவுக்கு வீழ்ந்தது. மிக அதிகமான எடையிலும், நம்மவர்கள் நீர்க்கட்டி என்று சொல்லுகிற நோயிலும் இதே தடை வேறு வழியாய் வருகிறது. அங்கே எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை மறுபடி ஒழுங்காக வெளிப்படத் தொடங்குகிறது. பட்டினி கிடந்து குறைப்பது இதற்கு வழியன்று. வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டுவது, வனஸ்பதியில் பொரித்த கடைப் பலகாரத்தையும் சர்க்கரைத் தண்ணீரையும் விடுவது, தினம் நடப்பது ஆகிய இவைதாம் வழி.

இதுவரை ஸ்திரீகளையே பேசினேன். இப்போது சகோதரர்கள் சற்றுச் செவிசாய்க்க வேண்டும். பிள்ளையில்லாத தம்பதிகளைப் பரிசோதித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேரில் புருஷனிடத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆண் வித்து ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. இன்று குடித்த சாராயமும் புகைத்த சிகரெட்டும் இரண்டரை மாதம் கழித்து வரப்போகிற வித்துக்கு இன்றே கணக்கெழுதப்படுகின்றன. இதற்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கலந்த விலையுயர்ந்த மாத்திரைகளை விற்கிறார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட பரிசோதனையில், அந்த மாத்திரைகளை விழுங்கிய ஆண்களின் வித்தும் தேறவில்லை, பிறந்த குழந்தைகளும் கூடவில்லை. புகையை விடுவதும் மதுவை விடுவதும் காசு கேளாத மருந்துகள். ஆனால் எத்தனை வீடுகளில், மருமகளை ஐந்து கோயிலுக்கும் ஆறு வைத்தியரிடமும் இழுத்துச் சென்றபின்பும், மகனை ஒரே ஒரு முறை பரிசோதனைக்கு அனுப்ப ஒப்புவதில்லை! இதை நான் கண்டு கண்டு வெகுண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அடைபட்ட சினைக்குழாயை எந்தக் கீரையும் திறக்காது. ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் கணக்கிட்டபடி ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் இந்தத் துன்பத்துக்கு ஆளாகிறார். ‘இந்தப் பொடியைத் தின்றால் நாற்பத்தெட்டு நாளில் கரு’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கம்மலை அடகுவைத்துக் காசு கொடுத்துவிட்டு, காலத்தையும் கொடுத்துவிட்டு, கண்ணீரோடு வந்தவர்கள் என் மேஜைக்கு எதிரே பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல ஆகாரம் பிள்ளைக்குப் பேரம் பேசுகிற பொருளன்று. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு அது சேர வேண்டியதே.

கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, மூன்று வருஷம் விசேஷம் இல்லாத மருமகளை மாமியார் அழைத்துவந்தார். பெண்ணின் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன். வெள்ளைத் துணிபோல் இருந்தது. ‘நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்ட?’ என்றேன்.

‘சோறுங்க.’

‘தொட்டுக்க?’

‘புளிக்கொழம்பு இருந்துச்சுங்க.’

‘காய் செய்யலையா?’

‘கீரை கடைஞ்சேனுங்க…’ என்று இழுத்து, மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘எல்லாருக்கும் போட்டதுல சரியாப் போயிருச்சுங்க’ என்றாள்.

மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. ‘நாங்க பொம்பளைக கடைசியாத்தானுங்க உக்காருவோம். நானும் அப்படித் தின்னுதானுங்க நாலு பெத்தேன்’ என்றார். நாலும் நலமா என்று கேட்டேன். ‘ரெண்டு இருக்குதுங்க’ என்றார்.

மாத்திரையைக் கொடுத்து, எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதி, மகனையும் அனுப்பச் சொல்லி, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: குழம்பும் கீரையும் இறக்கியதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்பே, மருமகளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துத் தனியே மூடி வைத்துவிட வேண்டும், அதையும் மாமியார்தான் எடுத்து வைக்க வேண்டும். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘செரிங்க’ என்றார்.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். மருமகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தோம். முன்னைக்கு நன்றாய் ஏறியிருந்தது. கிண்ணம் எடுத்து வைக்கிறார்களா என்று கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே, ‘ரெண்டு கிண்ணமுங்க’ என்றாள். ஊசியைக் கழற்றிவிட்டு நர்ஸ் எழுந்திருக்கும்போது, மாமியார் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தம் விரலை மேஜைமேல் நீட்டினார். ‘எனக்கும் ஒருக்காப் பாத்துருங்க’ என்றார். ஐம்பத்தைந்து வயதில், அவருக்கு ரத்தம் பரிசோதித்தது அதுவே முதல் தடவை.